பதின்மூன்றாவது பெண்

பாஸ்கெட்பால் அணி என்றால் 12 பேர். மாவட்ட அணியானாலும் சரி, 16 வயதுக்குட்பட்ட இந்திய அணியானாலும் சரி, கணக்கு ஒன்றுதான். தேர்வுக் குழுவில் உட்கார்ந்து பழகியவர்களுக்கு ஒன்று தெரியும்: முதல் ஏழெட்டுப் பெயரில் சண்டையே வராது. மூன்று பேர் தனித்தனியாக எழுதினாலும் அதே பெயர்கள்தான் வரும். மண்டை உடைவதெல்லாம் 11, 12, 13-வது பெயரில்.

அந்த 12-க்கும் 13-க்கும் நடுவில் இருப்பது விளையாட்டு மட்டுமில்லை. 12-வது பெண்ணுக்குச் சான்றிதழ் கிடைக்கும். கல்லூரியில் விளையாட்டு ஒதுக்கீட்டில் இடம் கேட்கலாம். இன்னும் மேலே ஏறினால் ரயில்வேயிலோ, தமிழ்நாடு அரசு வேலைக்கான 3 சதவீத ஒதுக்கீட்டிலோ முட்டிப் பார்க்கலாம். அம்மா தேயிலை பறிக்கப் போகும் வீட்டுக்கு இது சின்ன விஷயமில்லை. 13-வது பெண் பஸ் ஏறி வீட்டுக்கு வருவாள், அவ்வளவுதான்.

நான் கோத்தகிரிப் பக்கம் ஓர் அரசுப் பள்ளியில் உடற்கல்வி ஆசிரியை. இளையோர் பெண்கள் அணித் தேர்வுகளுக்கு அவ்வப்போது கூப்பிடுவார்கள். சிபாரிசு போன்கள் வரும், இல்லையென்று சொல்ல மாட்டேன். தன் அகாடமிப் பெண்கள் மைதானத்தில் நிற்கும்போதே அவர்களுடைய பயிற்சியாளர் தேர்வாளர் நாற்காலியில் உட்கார்ந்திருந்ததையும் பார்த்திருக்கிறேன். பட்டியல் எப்படி வந்தது என்று தனியாகச் சொல்ல வேண்டாம். ஆனால் இத்தனை வருஷத்தில் எனக்குத் தோன்றுவது வேறு. கெட்ட எண்ணத்தால் விடுபட்டவர்களைவிட, நல்ல எண்ணத்தோடு உட்கார்ந்தவர்கள் கண்ணில் படாமல் விடுபட்டவர்களே அதிகம். இரண்டு காலை வேளைகளில் ஒரு பெண்ணிடம் என்ன தெரியும்? உயரம் தெரியும். யாராவது ஏற்கெனவே நன்றாகச் சொல்லிக்கொடுத்திருந்தால் அதுவும் தெரியும். மற்றதை நாம் தேடினால்தான் உண்டு.

உயரத்தையே எடுத்துக்கொள்வோம். வளையம் 3.05 மீட்டரில் இருக்கிறது, யாருக்காகவும் இறங்கி வராது. அதனால் டேப் வைத்து அளப்பதில் தப்பில்லை. ஆனால் 13 வயதுப் பெண்களை வரிசையாக நிறுத்தி அளக்கும்போது, யார் முதலில் வயதுக்கு வந்தாள் என்பதைத்தான் பெரும்பாலும் அளக்கிறோம். பெண் பிள்ளைகள் மளமளவென்று வளர்வது 12 வயதை ஒட்டி. பெரியவளான பிறகு பொதுவாக ஐந்து முதல் ஏழு சென்டிமீட்டர்தான் கூடும். எட்டாம் வகுப்பில் எல்லோருக்கும் மேலே தலை தெரிந்த பெண், பன்னிரண்டாம் வகுப்பில் நடுத்தர உயரமாக நிற்பாள். எட்டாம் வகுப்பில் குட்டையென்று கழித்துவிட்ட பெண் அவளைத் தாண்டியிருப்பாள். ஆனால் அதற்குள் அவள் விளையாட்டையே விட்டிருப்பாள்.

இதில் அந்த உயரமான பெண்ணுக்கும் அநியாயம்தான். அவளைக் கொண்டுபோய் போஸ்ட்டில், அதாவது வளையத்துக்குப் பக்கத்தில், நிறுத்துவார்கள். வளையத்துக்கு முதுகைக் காட்டி நில், ரீபவுண்ட் எடு (வளையத்தில் விழாமல் திரும்பும் பந்தைப் பிடி), பந்தைக் கீழே தட்டாதே, உடனே பந்தைக் கொண்டுபோகும் கார்டிடம் கொடு. இரண்டு மூன்று வருஷம் இதே வேலை. மாவட்டக் கோப்பை வரும், பயிற்சியாளருக்கு நல்ல பெயரும் வரும். 17 வயதில் எதிரணியில் அவளைவிட உயரமான நாலு பேர் நிற்கும்போது, அவளுக்குப் பந்தைக் கொண்டுபோகவும் தெரியாது, வெளியே நின்று ஷூட் பண்ணவும் தெரியாது. கூடலூர்ப் பக்கத்திலிருந்து வந்த ஒரு பெண் 18 வயதுக்குட்பட்டோர் தேர்வில் கழிக்கப்பட்டதைப் பார்த்தேன். "வேகம் இல்லை" என்று எழுதினார்கள். வேகமாக ஓட வேண்டிய இடத்தில் அவளை யாரும் நிறுத்தியதே இல்லை.

என் பள்ளியில் ஒன்பதாம் வகுப்பு முடியும் வரை யாருக்கும் பொசிஷன் கிடையாது. எல்லோரும் பந்தைக் கொண்டுபோக வேண்டும், எல்லோரும் லே-அப்பை, அதாவது ஓடி வந்து வளையத்தருகே எழும்பிப் போடும் ஷாட்டை, வலது கையாலும் இடது கையாலும் போட வேண்டும். இதனால் ஜெயிக்க வேண்டிய ஆட்டங்களைத் தோற்கிறோம். கோப்பை வைக்கும் அலமாரி ஏன் காலியாக இருக்கிறது என்று தலைமை ஆசிரியர் கேட்கத்தான் செய்கிறார்.

தேர்வு நாளுக்கு வருவோம். வழக்கமாக ஐந்துக்கு ஐந்து ஆட விட்டுப் பார்ப்பார்கள். ஒரே விடுதியில் இருக்கும் நாலு பெண்கள் ஒரு பக்கம் சேர்ந்துவிட்டால் பந்து அவர்களுக்குள்ளேயே சுற்றும். வேண்டுமென்று செய்வதில்லை. யார் எங்கே ஓடுவாள் என்று அவர்களுக்குத் தெரியும், தெரிந்த கைக்குத்தான் பந்து போகும். மலையிலிருந்து தனியாக வந்தவள் மூலையில் கையை நீட்டிக்கொண்டே நிற்பாள். பத்து நிமிடத்தில் இரண்டு முறை பந்து வந்தால் அதிகம். தேர்வாளர் தாளில் எழுதுவது: "ஈடுபாடு குறைவு."

அதனால் நான் போகிற இடத்தில் முதலில் கேட்பது மூன்றுக்கு மூன்று. அரை மைதானம், ஒரு பக்கம் மூன்றே பேர். யாரும் ஒளிய முடியாது, யாரையும் ஒளிக்கவும் முடியாது. அரை மணிக்கு ஒருமுறை அணிகளைக் கலைத்துப் போட வேண்டும். பள்ளிப் பெயர் போட்ட பனியனைக் கழற்றி, எண் மட்டும் உள்ள பிப் (கையில்லாத மேல்சட்டை) கொடுக்க வேண்டும். ஒருவரோடு ஒருவர் பேசுவதற்கு முன்பே தேர்வாளர்கள் மதிப்பெண் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும், இல்லையென்றால் மூத்தவர் சொன்ன பெயரே எல்லோர் தாளிலும் வந்துவிடும். தன் மாணவி பேச்சு வரும்போது பயிற்சியாளர் எழுந்து டீ குடிக்கப் போகட்டும். இதற்கெல்லாம் பெரிய செலவு இல்லை. பழக்கம்தான் இல்லை.

மைதானத்துக்கு வந்து சேருவதே தனிக் கதை. தேர்வு பெரும்பாலும் கோவையிலோ சென்னையிலோ, காலை ஏழு மணிக்கு. கூடலூரிலிருந்து ஊட்டிக்கே 50 கிலோமீட்டர், அங்கிருந்து கோவைக்கு இன்னும் 85-க்கு மேல். பந்தலூர்ப் பெண் என்றால் முதல் நாளே கிளம்ப வேண்டும். கொண்டை ஊசி வளைவுகளில் வாந்தி எடுத்துக்கொண்டு இறங்கி, தெரியாத ஊரில் யார் வீட்டிலோ படுத்து, காலையில் அந்த வெக்கையில் ஓட வேண்டும். மலைக்காரர்களுக்கு மூச்சு நன்றாக இருக்கும் என்பார்கள். இருக்கலாம், ஆனால் வெயில் அதைத் தின்றுவிடும். ஊரிலோ ஜூன் முதல் சிமென்ட் மைதானம் ஈரமாகவே கிடக்கும், வழுக்கும். ஏற்கெனவே குதித்துத் திரும்பும் ஆட்டங்களில் முழங்கால் தசைநார் கிழிவது பையன்களைவிடப் பெண்களுக்குச் சில மடங்கு அதிகம். ஈரத் தரையில் அவர்களைக் குதிக்க விட எனக்கு மனசு வராது. மாலை ஐந்துக்கு மேல் பயிற்சி வைக்கவும் முடியாது, எஸ்டேட் பாதையில் காட்டெருமை நிற்கும். "வாரத்துக்கு எத்தனை மணி நேரம் பயிற்சி?" என்று விண்ணப்பத்தில் ஒரு கேள்வி இருக்கிறது. என்ன எழுதுவது?

கூடலூரிலிருந்து எல்லையைத் தாண்டினால் வயநாடு. 2018 ஆசிய விளையாட்டுப் போட்டியில் இந்திய அணிக்குக் கேப்டனாக இருந்த பி.எஸ். ஜீனா அந்த மாவட்டத்துக்காரர். அதே மழை, அதே மலைச் சாலை. ஆனால் கேரளத்தின் விளையாட்டு விடுதி அவரைச் சின்ன வயதிலேயே கண்டுபிடித்துக் கீழே கூட்டிக்கொண்டு போனது. திறமை எல்லைக்கு அந்தப் பக்கம் மட்டும் பிறப்பதில்லை.

வயது மோசடியைப் பற்றி நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். 2010-லேயே மத்திய அரசு அதற்கென்று ஒரு தேசிய நெறிமுறை கொண்டுவந்தது. இடது மணிக்கட்டை எக்ஸ்ரே எடுத்து எலும்பின் வயதைப் பார்க்கும் டிடபிள்யூ-3 சோதனையும் இருக்கிறது. நல்லதுதான். ஆனால் அந்த அளவுகோலில் பெண்களின் எலும்பு 15 வயதை ஒட்டியே முழு முதிர்ச்சியைத் தொட்டுவிடும். நேர்மையாக 15 வயதில் நிற்கும், சீக்கிரம் வளர்ந்த ஒரு பெண்ணைப் பொய் சொன்னவள் மாதிரி பார்க்கும் ஆபத்து அதில் உண்டு. எலும்பை மட்டும் வைத்து ஒரு பிள்ளையைக் குற்றவாளி ஆக்கக் கூடாது.

தேசிய முகாமுக்குப் போனால் இன்னொரு சிக்கல், மொழி. அங்கே பேச்செல்லாம் பெரும்பாலும் இந்தி, கொஞ்சம் ஆங்கிலம். வீட்டில் படுக மொழியோ மலையாளமோ பேசி, பள்ளியில் தமிழில் படித்த பெண், மைதானத்தில் வாயைத் திறக்க மாட்டாள். பந்தைக் கொண்டுபோய் ஆட்டத்தை நடத்தும் பாயின்ட் கார்டுக்குக் குரல்தான் பாதி ஆட்டம். "பேச்சு இல்லை" என்று கழிப்பது எளிது. நான் அனுப்பும் பெண்களுக்கு ஸ்கிரீன், ஸ்விட்ச், ஹெல்ப் என்று மைதானத்தில் ஒருவருக்கொருவர் சொல்லும் இருபது முப்பது ஆட்டச் சொற்களைக் கத்தப் பழக்கித்தான் அனுப்புகிறேன்.

பயணம் போகும் வீராங்கனைகளோடு பெண் பயிற்சியாளர் ஒருவராவது இருக்க வேண்டும் என்பதை 2022-ல்தான் இந்திய விளையாட்டு ஆணையம் கட்டாயமாக்கியது, அதுவும் ஒரு சைக்கிள் வீராங்கனையின் புகாருக்குப் பிறகு. பாதுகாப்புக்காக மட்டுமில்லை இது. தேர்வு நாளன்று மாதவிலக்கு வந்த பெண் அதை யாரிடம் சொல்வாள்? மிஸ் ஒருவர் இருந்தால் காதோடு சொல்வாள், நானும் அவள் முறையை மதியத்துக்கு மாற்றிவிடுவேன். சார் மட்டும் இருந்தால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஓடிவிட்டு வீட்டுக்குப் போவாள்.

பட்டியல் ஒட்டியதோடு முடிந்துவிடுவதுமில்லை. நாலு குவார்ட்டர், தலா 10 நிமிடம், மைதானத்தில் ஐந்து பேர்: மொத்தம் 200 நிமிடம். 12 பேருக்குப் பங்கிட்டால் ஆளுக்குப் பதினாறு சொச்சம். நடப்பில் ஆறேழு பேர் ஆடுவார்கள், மீதிப் பேர் பெஞ்சில் தண்ணீர் பாட்டில் நீட்டுவார்கள். இறுதி ஆட்டத்தில் சமமாகப் பங்கிடு என்று நான் கேட்கவில்லை. முப்பது புள்ளி முன்னால் இருக்கும் லீக் ஆட்டத்திலும் முதல் ஐவரையே ஓட விடுவது ஏன் என்றுதான் கேட்கிறேன். 2017-ல் பெங்களூருவில் நம் 16 வயதுக்குட்பட்ட பெண்கள் ஆசியப் போட்டியின் பி டிவிஷனை, அதாவது இரண்டாம் நிலைப் பிரிவை, ஜெயித்து மேலே ஏறினார்கள். அப்படி ஓர் அணிக்கு ஆள் எடுக்க வேண்டுமென்றால், கீழே மாவட்டத்திலும் மாநிலத்திலும் ஆடிப் பழகிய பன்னிரண்டு பேர் வேண்டும், ஆறு பேர் போதாது.

கழிக்கப்பட்ட ஒவ்வொரு பெண்ணுக்கும் ஒரு சீட்டு எழுதிக் கொடுப்பது என் வழக்கம். என்ன நன்றாக இருந்தது, எது போதவில்லை, அடுத்த தேர்வுக்குள் எதைச் சரி செய்ய வேண்டும் என்று மூன்று நாலு வரி. குழுவில் இருந்த மூத்தவர் ஒருவருக்கு இது பிடிக்கவில்லை. "எழுத்துல குடுத்தா அதுவே நமக்கு வினையா வரும் மேடம்" என்றார். அவர் சொன்னபடியே ஒரு அப்பா அந்தச் சீட்டை எடுத்துக்கொண்டு பள்ளிக்கே வந்துவிட்டார். நல்ல கோபத்தில்தான் வந்தார். அரை மணி நேரம் பேசினோம். இடது கை லே-அப்பை வீட்டுச் சுவரில் எப்படிப் பழகுவது, பழைய பந்து ஒன்று கிடைக்குமா என்றெல்லாம் கேட்டார். யாருடைய சிபாரிசில் யார் உள்ளே போனார்கள் என்று மட்டும் கேட்கவில்லை.