‘என்னமோ பண்ணுது சிஸ்டர்’: வார்டு நாட்குறிப்பு

அக்டோபர் 13

ராமேஸ்வரத்துக்கு முன்னால் இருக்கும் மண்டபம் ஊர்ப் பக்கம் கடல்பாசி எடுக்கும் அக்கா ஒருவர். பாறை கிழித்த பாதத்தில் சீழ், மூன்று நாள் காய்ச்சல். அதோடுதான் இன்றும் கடலில் இறங்கியிருக்கிறார். டாக்டர் செஃப்ட்ரியாக்சோன் என்ற ஆன்டிபயாடிக் ஊசி எழுதினார். டெஸ்ட் டோஸ் போட்ட இடத்தில் ஒன்றுமில்லை. நரம்பில் மெதுவாக ஏற்றத் தொடங்கி இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை.

“என்னமோ பண்ணுது சிஸ்டர். உயிர் போற மாதிரி வருது.”

உடம்பில் ஒரு தடிப்பு இல்லை. உள்ளங்கையை மட்டும் சொறிந்துகொண்டே இருந்தார். மருந்து அலர்ஜி என்று புரிந்தது, உடனே நிறுத்தினேன். நரம்பில் குத்தியிருந்த வென்ஃப்ளான் குழாயை எடுக்கவில்லை, பிரஷர் விழுந்த பிறகு வேறு நரம்பு கிடைக்காது. விரலில் ஆக்சிஜன் கிளிப் மாட்டப் போனால், பத்து விரலிலும் துணிச்சுற்று. பாசி பிடுங்கும்போது கை கிழியாமல் இருக்கக் கட்டியது. உப்புத் தண்ணீரில் இறுகிய முடிச்சு அவிழவில்லை, கத்தரியால் வெட்டினேன். உள்ளே விரல் வெளுத்துச் சுருங்கியிருந்தது. ஆக்சிஜன் 86. பி.பி. 70/40. குரல் கம்மிவிட்டது.

புதிதாகச் சேர்ந்த நர்ஸ் தங்கச்சி, அலர்ஜிக்குப் போடும் அவில் ஊசியின் ஆம்பூலை உடைக்கப் போனாள். “அட்ரினலின் முதல்ல!” என்று கத்தியேவிட்டேன். அவில் அரிப்பைத்தான் அடக்கும். விழுந்த பிரஷரைத் தூக்காது, அடைக்கிற தொண்டையைத் திறக்காது. அட்ரினலின் அரை மில்லி, தொடையின் வெளிப்பக்கத் தசையில். படுக்கவைத்துக் காலை உயர்த்தி, ஆக்சிஜன் வைத்து, புது செட்டில் சலைன் வேகமாக விட்டோம். ஐந்து நிமிடம் கழித்து இன்னொரு அரை மில்லி. அதன் பிறகுதான் மேல் பிரஷர் 100 தொட்டது.

அக்டோபர் 14

இரவு முழுக்க அவர் பக்கத்திலேயே இருந்தேன். அடங்கிய ரியாக்‌ஷன் சில மணி நேரம் கழித்துத் திரும்பவும் கிளம்பலாம். கிளம்பவில்லை.

விடியற்காலையில் டீ குடித்துக்கொண்டே சொல்கிறார்: போன வருடம் ஒரு கிளினிக்கில் ஊசி போட்டதும் உதடு வீங்கியதாம். “சூடு” என்று அனுப்பிவிட்டார்கள். என்ன ஊசி என்று ஒரு சீட்டில்கூட எழுதிக் கொடுக்கவில்லை. எனக்கு ஆத்திரமாக வந்தது. ஆனால் நேற்று நானும் “அலர்ஜி இருக்கா?” என்றுதானே கேட்டேன்? இல்லை என்றார். அவருக்கு அலர்ஜி என்றால் இறால் தின்றால் வரும் அரிப்பு. இனி என் கேள்வி இதுதான்: “எந்த ஊசிக்காவது, மாத்திரைக்காவது தடிப்பு, வாய் வீக்கம், மூச்சுமுட்டல் வந்திருக்கா?”

அக்டோபர் 16

மருந்து பாதகவிளைவுப் படிவம் நிரப்பினேன். 2010 முதல் நடக்கும் தேசியத் திட்டம் இது. காஜியாபாத்தில் உள்ள இந்தியன் பார்மகோபியா கமிஷன் (மருந்துகளின் தரத்தை வகுக்கும் அரசு அமைப்பு) நடத்துகிறது. டாக்டர்தான் அனுப்ப வேண்டும் என்றில்லை, நர்ஸும் அனுப்பலாம். இந்த மருந்துதான் காரணம் என்று நிரூபிக்க வேண்டியதில்லை, சந்தேகம் போதும். கட்டணமில்லா எண் 1800-180-3024. ஊசி அறைச் சுவரில் பெரிதாக எழுதி ஒட்டினேன். பேட்ச் எண்ணுக்காக அன்றே கண்ணாடிக் கழிவு போடும் நீலப் பெட்டியிலிருந்து குப்பியை எடுத்துவைத்தது நல்லதாயிற்று.

அக்டோபர் 20

எல்லாமே இரண்டு நிமிடத்தில் தெரிந்துவிடாது. தேவிபட்டினத்துப் பெரியவருக்கு மூன்று மாதமாக வறட்டு இருமல். கடல்காற்று ஒத்துக்கொள்ளவில்லை என்று சிரப்பாகக் குடித்துத் தீர்த்திருக்கிறார். மாத்திரைப் பையைக் கொட்டிப் பார்த்தேன்: எனலாப்ரில். பிரஷர் மாத்திரை, சிலருக்கு இப்படி வறட்டு இருமலைக் கொடுக்கும். டாக்டர் மாத்திரையை மாற்றிவிட்டார். இருமல் போக இன்னும் சில வாரமாகும் என்று சொல்லி அனுப்பினேன்.

மதியம் ஒரு பெண்பிள்ளை. வலிப்புக்குக் கார்பமசெபைன் தொடங்கி இரண்டு வாரம். தோலில் சிவப்பு, கண் சிவப்பு, வாய்க்குள் புண். மூன்றும் சேர்ந்தால் வெறும் வேர்க்குரு என்று விட முடியாது, தோலே உரிந்துபோகும் ஆபத்து. உடனே டாக்டரைக் கூப்பிட்டேன். அந்த மாத்திரையை நிறுத்தச் சொல்லி 108-இல் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார். அவள் அம்மாவின் முகம் இன்னும் கண்ணிலேயே நிற்கிறது.

அக்டோபர் 23

பாசி அக்கா கட்டு மாற்ற வந்தார். புண் ஆறிவருகிறது. ஒத்துக்கொள்ளாத மருந்தின் பேரைச் சிவப்பு மையில் நான் எழுதிக்கொடுத்த சீட்டை ஆதார் உறையிலேயே வைத்திருக்கிறார். “நனைஞ்சா அழிஞ்சிருமா சிஸ்டர்?” என்றார். எனக்கு அது தோன்றவே இல்லை. ஜெராக்ஸ் கடைக்கு ஆள் அனுப்பி லேமினேட் செய்து வாங்கிக் கொடுத்தேன். சீட்டு கையில் இல்லாவிட்டாலும் பேர் வாயில் இருக்கட்டும் என்று சொல்லிப் பார்க்கச் சொன்னேன்.

“செப்ரியாசன்.”

கூட வந்த மகள் திருத்தினாள். அக்கா நான்காவது தடவை சரியாகச் சொன்னார்.