வாய்க்கால் மட்டும்தான்க்கா

"என்ன தம்பி, எங்க தென்னம்பிள்ளையையும் சேத்து அளந்துட்டீகளா?"

நாங்கள் சாப்பிட்ட வீட்டு அக்கா, சோறு போட்டுக்கொண்டேதான் கேட்டார். "இல்லக்கா, வாய்க்கால் மட்டும்தான்" என்றேன். கல்லூரியிலிருந்து பத்து நாள் ஊரில் தங்கி, கண்மாயை அளந்து படம் வரையப் போயிருந்தபோது நடந்தது இது. ஒன்றரை வருடம் ஆகிவிட்டது. அந்தப் பதில் இன்னும் தொண்டையில் நிற்கிறது.

பொய் என்று சொல்லிவிட முடியாது. வாய்க்காலைத்தான் அளந்தோம். கொட்டாம்பட்டிப் பக்கம், பெரியாற்றுத் தண்ணீர் எட்டாத மானாவாரிக் கண்மாய் அது. மேலூர்க்காரர்கள் ஒருபோகத்துக்காவது பெரியாற்றை எதிர்பார்க்கலாம். இங்கே மேட்டில் பெய்யும் மழை வரத்து வாய்க்கால் வழியாக வந்து சேர்ந்தால்தான் உண்டு. அந்த வாய்க்கால் தலைப்பக்கம் 14 அடி அகலம். அக்கா வீட்டுத் தோப்பு ஓரத்தில் டேப்பைப் பிடித்தால் 5 அடி. மிச்ச இடத்தில் மண்ணை நிரவி ஒரு வரிசை தென்னம்பிள்ளை நட்டிருந்தார்கள். நன்றாக வளர்ந்த பிள்ளைகள். தினமும் குடத்தில் தண்ணீர் ஊற்றியது அக்காதான்.

எங்களோடு நடந்த நீர்பாய்ச்சி ஐயா, வயல்களுக்குத் தண்ணீர் பிரித்துவிடுபவர், மற்ற இடங்களில் எல்லாம் கம்பை ஊன்றி, "இங்கன கல்லு இருந்துச்சு, பிடுங்கிட்டாய்ங்க" என்று காட்டிக்கொண்டே வந்தார். அந்த இடத்தில் மட்டும் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு மலையைப் பார்த்தார். அவரே பேசாதபோது பத்து நாள் தங்க வந்த நான் என்ன பேசுவது? இப்படித்தான் அன்றைக்கு நினைத்தேன். இப்போது யோசித்தால், அவர் அந்த ஊரில் சாகும்வரை இருக்கவேண்டியவர். நான் பதினோராம் நாள் மதுரை மாட்டுத்தாவணியில் இறங்கிவிடுபவன். வாய் திறக்க வசதியானவன் நான்தான்.

அறிக்கையில் 'ஓரிரு இடங்களில் வாய்க்கால் குறுகியுள்ளது' என்று எழுதினேன். 50-க்கு 46 மதிப்பெண்.

வகுப்பு தொடங்கிய முதல் வாரத்திலேயே சார், காந்தி 1937-இல் வார்தாவில் பேசிய ஆதாரக் கல்வியைப் பற்றிச் சொன்னார். கை வேலை செய்யாமல் அறிவு வராது என்றார். சின்னாளபட்டிப் பக்கம் காந்திகிராமப் பல்கலைக்கழகத்தில், கிராமத்தில் தங்குவதே பாடத்தில் உண்டு, நாமும் அப்படிச் செய்வோம் என்றார். எனக்கு அது பிடித்திருந்தது, இப்போதும் பிடிக்கும். ஆனால் ஒன்று இடிக்கிறது. ஏரி ஆக்கிரமிப்பு அகற்றும் சட்டம் 2007-இல் வந்ததைத் தேர்வில் பிழையில்லாமல் எழுதியவன் நான். வகுப்பறையிலேயே உட்கார்ந்திருந்தால் அந்த 5 அடியையும் தயங்காமல் எழுதியிருப்பேன். அங்கே எனக்கு யாரும் சோறு போடவில்லை. மக்களோடு இரு, அவர்கள் வீட்டில் சாப்பிடு, அப்போதுதான் உண்மை தெரியும் என்றார்கள். தெரிந்தது. அந்தச் சோறே வாயையும் அடைத்துவிட்டது.

சரி, எழுதியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? மாணவன் அறிக்கையைப் பார்த்துத் தாசில்தார் பொக்லைன் அனுப்பப் போவதில்லை. அளவு வேண்டுமென்றால் கிராம நிர்வாக அலுவலரிடம் நில அளவைப் புலப்படமே இருக்கிறது. ஒரு வரிசை மரம். அக்காவின் கணவர் திருப்பூரில் கூலிக்கு நிற்கிறார். இதெல்லாம் நியாயம்தானே?

நியாயம்தான். ஆனால் கிளம்பும் நாளில் தண்ணீர் கடைசியாக வந்துசேரும் கடைமடையில் நிலம் வைத்திருக்கும் பெரியவர் ஒருவர் வந்து, "படத்துல ஒண்ணு எங்களுக்கும் குடுங்கப்பா, வச்சுப் பேசுவோம்" என்றார். கொடுத்தோம். அதில் வாய்க்காலைத் தலைமுதல் கடைவரை ஒரே அகலத்தில் நான்தான் வரைந்திருந்தேன். அறிக்கையில் எழுதாமல் விட்டதைக்கூடத் தயவு என்று சொல்லிக்கொள்ளலாம். இந்தப் படத்துக்கு எனக்கு இன்னும் பெயர் கிடைக்கவில்லை. அதை விரித்து வைத்துக்கொண்டு அவர் யாரிடம் என்ன பேசியிருப்பார்?

பொங்கலுக்கு அக்கா போன் செய்தார். வரச்சொன்னார். தென்னம்பிள்ளைகளுக்குக் கீற்று விட்டுவிட்டதாம்.

போன மாதம் அதே ஊருக்கு ஜூனியர்கள் கிளம்பினார்கள். நான் போய்வந்தவன் என்று சார் அவர்களிடம் பேசச் சொன்னார். துணி டேப் நனைந்தால் அளவு மாறும், இரும்பு டேப் எடுத்துக்கொள்ளுங்கள், ஐயாவுக்கு வெற்றிலை வாங்கிப் போங்கள் என்றெல்லாம் சொன்னேன். ஒரு பையன், எங்கிருந்து அளக்கத் தொடங்கலாம் அண்ணே என்று கேட்டான்.

கண்மாய்த் தண்ணீர் வயலுக்குப் போகும் மடையிலிருந்து தொடங்குங்கள் என்றேன். அங்கிருந்து தொடங்கினால் கரை, மிகுதி நீர் வழியும் கலுங்கு எல்லாம் முடித்து வரத்து வாய்க்காலுக்கு வந்துசேர நான்கைந்து நாள் ஆகும்.