கட்டாயம் இல்ல, ஆனா வந்தா நல்லது

கம்பெனி சார்பா சனிக்கிழமை மரம் நடறோம், வர்றது கட்டாயம் இல்லைனு தான் டீம்கிட்ட முதல்ல சொன்னேன். அதோட நிறுத்தியிருக்கலாம். "ஆனா வந்தா நல்லதுங்க"னு ஒரு வாலைச் சேர்த்தேன் பாருங்க, அது தான் இன்னும் உறுத்துது.

டீம்ல ஒருத்தங்க கேட்டது பெரிய கேள்வி எல்லாம் இல்ல. "சார், சனிக்கிழமை மரம் நடறது நம்ம விருப்பம்னா அட்டெண்டன்ஸ் ஷீட் எதுக்கு?" கோவமா கூட கேக்கல, நெஜமாவே தெரிஞ்சுக்கக் கேட்ட மாதிரி தான் இருந்துச்சு. அந்த மாசம் முழுக்க ராத்திரி பத்து மணி வரைக்கும் உக்காந்து வேலை முடிச்ச டீம் அது, எனக்குத் தெரியும், தெரிஞ்சு தான் சொன்னேன்.

ஷீட் இல்லாம நான் என்ன பண்றது சொல்லுங்க, எத்தனை பேர் வந்தாங்க, எத்தனை மணி நேரம்னு சிஎஸ்ஆர், அதாவது கம்பெனியோட சமூகப் பொறுப்பு ரிப்போர்ட்ல எழுதணும், மேல கேப்பாங்க. அதுவும் இல்லாம நான் அந்த ப்ரோக்ராமை நம்பினேங்க, இப்பவும் பாதி நம்பறேன். கம்பெனி வெளிய நல்லது பண்ணா உள்ள இருக்கறவங்களுக்கு "நான் இங்க தான் வேலை பாக்கறேன்"னு சொல்லிக்க ஒரு பெருமை வருது, வேலை மேல ஒரு ஒட்டுதல் வருதுனு ஆராய்ச்சி பண்ணவங்க சொல்றாங்க, நானும் கண்ணால பாத்திருக்கேன். ஆனா அவங்களே இன்னொண்ணும் சொல்றாங்க, அதை மட்டும் நான் பிரசன்டேஷன்ல போடல. கம்பெனி என்ன பண்ணுதுனு மட்டும் ஊழியருங்க பாக்கறதில்ல, எதுக்குப் பண்ணுதுனும் பாக்கறாங்க. போட்டோவுக்குத் தான்னு ஒரு தடவை தோணிட்டா திருப்தி எங்க வரும், எரிச்சல் தான் வரும்.

இத்தனைக்கும் 1991ல ஆர்ச்சி கேரல்ங்கற மேலாண்மைப் பேராசிரியர் கம்பெனியோட பொறுப்புகளை அடுக்கிப் போட்ட பிரமிடைக் காட்டி ட்ரெயினிங் எடுத்தவன் நான். அடியில லாபம், அதுக்கு மேல சட்டம், அப்புறம் நியாயம், தானதர்மம் கடைசியா உச்சியில. 2010ல வந்த ஐஎஸ்ஓ 26000ங்கற சமூகப் பொறுப்புக்கான சர்வதேச வழிகாட்டி சொல்ற ஏழு முக்கிய விஷயத்துலயும் தொழிலாளர் நடைமுறை ஒண்ணு, அதாவது சொந்த ஆளுங்கள ராத்திரி பத்து மணி வரைக்கும் உக்கார வைக்கறமாங்கறதும் சிஎஸ்ஆர் கணக்குல தான் வரும். எல்லாம் ஸ்லைடுல இருந்துச்சு.

சரி, அந்த சனிக்கிழமை கேள்வி கேட்டவங்களும் வந்தாங்க. மண்ணு தோண்டினாங்க, நல்லா சிரிச்சாங்க, அந்தச் சிரிப்பைத் தான் போஸ்டர்ல போட்டோம். அப்ப நான் பண்ணது சரி தானேனு ஒரு நாள் தோணும், மறுநாளே கேமராவைக் கண்டா யாரு தான் சிரிக்க மாட்டாங்கனு தோணும். அடுத்து வந்த சர்வேல திருப்தி மார்க் ஏறிடுச்சு, எங்க பாஸுக்கு ஒரே சந்தோஷம். அதே மாசம் இன்க்ரிமென்ட் லெட்டரும் வந்ததை யாரும் பேசல. நானும் பேசல.

அடுத்த வருஷம் ஷீட்டைத் தூக்கிட்டேன், வேலை நாள்லயே, வேலை நேரத்துலயே வச்சேன். பாதிப் பேர் கூட வரல. எனக்குக் கோவம் வந்துச்சு, யார் மேலனு தான் தெரியல, விருப்பம்னா வராம இருக்கறதும் விருப்பம் தானே. கிளம்பறப்ப பாத்தா, போன வருஷம் அந்தக் கேள்வி கேட்டவங்க சீட்லயே உக்காந்து வேலை பாத்துட்டு இருந்தாங்க. "நீங்க வரலையாங்க?"னு வாய் தவறிக் கேட்டுட்டேன்.

அவங்க ஒண்ணும் சொல்லல, சிஸ்டத்தை லாக் பண்ணிட்டு, பையை எடுத்துட்டு கூட வந்துட்டாங்க.