இன்ஜினை 45 மில்லிமீட்டர் பின்னால் நகர்த்தியபோது

பழைய வண்டி ஒன்றைப் பிரித்து வீட்டிலேயே மறுபடி கட்டிக்கொண்டிருக்கிறேன். இருந்ததைவிடக் கொஞ்சம் நீளமான இன்ஜினை அதில் இறக்கினேன். ஃபேன் இறக்கை ரேடியேட்டரை உரசியது. ரேடியேட்டரை முன்னால் தள்ள கிரில் இடம் விடவில்லை. அளந்து பார்த்ததில் இன்ஜினும் கியர் பாக்ஸும் சேர்ந்து 45 மி.மீ. பின்னால் போக வேண்டியிருந்தது.

இரண்டு விரல் அகலம்தான். ஆனால் அந்த நகர்வோடு இன்ஜினைத் தாங்கும் மவுண்ட், கியர் லீவர், கிளட்ச் கேபிள், சைலன்சர் குழாய், கியர் பாக்ஸிலிருந்து பின் ஆக்சிலுக்குப் போகும் புரொப்பெல்லர் ஷாஃப்ட் எல்லாமே இடம் மாற வேண்டும்.

பழைய மவுண்டுகளை அறுத்து எடுத்துவிட்டு, இன்ஜினைச் செயின் பிளாக்கில் தொங்கவிட்டேன். கியர் பாக்ஸின் வால் பக்கம் ஜாக்கி கொடுத்தேன். சேஸிஸின் நடுக்கோட்டைத் தூக்குக்குண்டு விட்டுத் தரையில் குறித்து, நூல் கட்டிக்கொண்டேன். இன்ஜின் அந்தக் கோட்டிலிருந்து ஒரு பக்கம் சற்றுத் தள்ளி உட்கார்ந்தாலும் பரவாயில்லை, ஆனால் கோட்டுக்கு இணையாக இருக்க வேண்டும்.

இடைவெளி பார்க்கக் களிமண்தான் கைகொடுத்தது. இன்ஜின் அடியில் ஆயில் நிற்கும் சம்புக்கு நேர் கீழே, சேஸிஸின் குறுக்குச் சட்டமான கிராஸ் மெம்பரில் ஒரு உருண்டையை ஒட்டி, இன்ஜினை மெதுவாக இறக்கி, மறுபடி தூக்கினேன். நசுங்கிய களிமண்ணின் கனம் 8 மி.மீ. ஓடும்போது இன்ஜின் ரப்பரில் ஆடும், அந்த ஆட்டத்துக்கு இது போதாது. முன்பக்கம் தூக்கி 20 மி.மீ. ஆக்கினேன். இன்ஜினுக்கும் உட்காரும் இடத்துக்கும் நடுவே இருக்கும் ஃபயர்வால் பக்கமும் இப்படியே பார்த்தேன். அங்கே இடைவெளி இருந்தால் மட்டும் போதாது, கிளட்சை மூடியிருக்கும் பெல் ஹவுசிங்கின் மேல் போல்ட்டுக்கு ஸ்பானர் போக வேண்டும், டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைக் கழற்ற வர வேண்டும். இரண்டையும் கையை விட்டுச் செய்து பார்த்துவிட்டுத்தான் நகர்ந்தேன்.

அடுத்தது கோணம். இதில்தான் நான் தப்புப் பண்ணினேன். வண்டி ஸ்டாண்டில் நிற்க, பின் ஆக்சில் தொங்கிக்கொண்டிருந்தது. அப்படியே கோணமானியை வைத்து அளந்தேன். ஷாஃப்ட் ரொம்பச் சரிவாகத் தெரிந்ததால் கியர் பாக்ஸின் வாலை 5 டிகிரி வரை இறக்கி, மவுண்டில் புள்ளி வெல்டிங்கும் போட்டுவிட்டேன். அப்புறம் சக்கரம் மாட்டித் தரையில் இறக்கி அளந்தால் பின் ஆக்சிலில் ஷாஃப்ட் சேரும் பினியன் 3 டிகிரியில் நிற்கிறது, கியர் பாக்ஸ் 5-ல். இரண்டும் இணையாக இல்லை.

ஷாஃப்டின் இரு முனையிலும் இருக்கும் கிராஸ் ஜாயிண்ட் மடங்கிய கோணத்தில் சுழலும்போது, ஷாஃப்ட் ஒரு சுற்றுக்கு இரண்டு முறை வேகமெடுத்து இரண்டு முறை தளரும். பின்பக்கத்து ஜாயிண்டும் அதே அளவு மடங்கினால்தான் அது ஈடாகும். இல்லாவிட்டால் வேகம் ஏற ஏற அதிர்வு வரும். கோணமே இல்லாமல் நேராக இருந்தாலும் நல்லதல்ல, ஜாயிண்டுக்குள் இருக்கும் ஊசி பேரிங் உருளாமல் ஒரே இடத்தில் பள்ளம் போடும். ஜாயிண்டின் மடக்கம் 1-லிருந்து 3 டிகிரிக்குள் இருப்பது நல்லது. வெல்டிங் புள்ளிகளைத் தேய்த்து எடுத்து, வண்டி தன் எடையில் நிற்கும்போதே கியர் பாக்ஸை 3 டிகிரிக்குக் கொண்டுவந்தேன். ஷாஃப்ட் 5 டிகிரிச் சரிவு, ஆக இரண்டு ஜாயிண்டுகளிலும் 2 டிகிரி.

முழு வெல்டிங் அதற்குப் பிறகுதான், பேட்டரி வயரையும் ஆல்டர்னேட்டர் வயரையும் கழற்றிவிட்டு. ஷாஃப்டை லேத்தில் கொடுத்து நீளம் குறைத்து பேலன்ஸ் செய்து வாங்கினேன். அறுக்கும் முன் குழாயில் நீளவாக்கில் ஒரு கோடு போட்டிருந்தேன். ஜாயிண்டைப் பிடிக்கும் கவைகளான இரு முனை யோக்கும் பழைய வரிசையிலேயே ஒட்ட வேண்டும், கொஞ்சம் திரும்பினாலும் பட்ட பாடெல்லாம் வீண். கியர் பாக்ஸுக்குள் சறுக்கி நுழையும் ஸ்லைடிங் யோக் இன்னும் உள்ளே போக 25 மி.மீ. மிச்சம் வைத்தேன்.

கியர் லீவர் ஓட்டையைப் பின்பக்கமாக நீட்டி வெட்டி, அதன் விளிம்பிலும் களிமண் ஒட்டி ஓட்டிப் பார்த்தேன். வேகத்தில் அதிர்வு இல்லை. திரும்பி வந்து குனிந்து பார்த்தபோது சம்புக்குக் கீழே களிமண் வைத்தபடியே இருந்தது. லீவர் ஓட்டையின் இடது விளிம்பில் மட்டும் மெல்லிய ஒரு கோடு அழுந்தியிருந்தது. ரிவர்ஸில் இன்ஜின் சாயும்போது லீவர் தொட்டிருக்கிறது. அங்கே மட்டும் 6 மி.மீ. அரம் போட்டுத் தேய்த்து, வெட்டிய விளிம்புக்குப் பெயின்ட் அடித்து, ரப்பர் பூட்டை மாட்டினேன்.