அடுக்குமாடி ஹாலில் வாசல், திண்ணை, முற்றம்: ஜெலுத்தோங் வீட்டு வேலைக் குறிப்பு

வீடும் கேள்வியும்

மலேசியாவின் பினாங்கு ஜெலுத்தோங்கில் ஓர் அடுக்குமாடி வீடு. ஹால் 5.4 மீட்டர் நீளம், 3.6 மீட்டர் அகலம், கூரை 2.75 மீட்டர் உயரம். கதவைத் திறந்தால் நேரே சோபாதான். பழைய வீட்டின் வாசல், திண்ணை, முற்றம் என்ற வரிசை இந்த ஹாலில் தெரிய வேண்டும், ஆனால் ஹோட்டல் லாபி ஆகிவிடக்கூடாது. எடுத்துக்கொண்ட வேலை இவ்வளவுதான்.

மேஸ்திரியைக் கூப்பிடுவதற்கு முன் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும்: ஒரு பொருள் இன்னொன்றை எப்படிக் குறிக்கிறது? அமெரிக்கத் தத்துவ அறிஞர் சார்லஸ் சாண்டர்ஸ் பியர்ஸ் (1839–1914) குறிகளை மூன்றாகப் பிரித்தார். முதலாவது, தோற்றத்தால் ஒத்திருப்பது. சுவரில் ஒட்டிய வாழைமர ஸ்டிக்கர் அந்த வகை. இரண்டாவது, ஒரு செயல் விட்டுப்போன தடம். கதவோரம் கிடக்கும் செருப்பைப் பார்த்தாலே உள்ளே ஆள் இருப்பது தெரிந்துவிடும். மூன்றாவது, வழக்கத்தால் மட்டுமே பொருள் பெறுவது. மாவிலைத் தோரணம் எதற்கென்று பழக்கம் இல்லாதவருக்குச் சொல்லித்தான் ஆக வேண்டும்.

நம் அணியிலக்கணத்தைத் தெரிந்தவருக்கு இது புதிதல்ல. ‘மதி போன்ற முகம்’ உவமை. ‘முகமதி’ என்றால் ‘போன்ற’ போய்விட்டது, உருவகம். மருதத் திணைப் பாட்டில் எருமை தாமரையை மேய்ந்தால் அது பரத்தையை நாடிய தலைவனைப் பற்றிய பேச்சு, அவன் பெயர் அந்த வரியில் வராது. அது உள்ளுறை. இங்கே விற்கிற ‘பாரம்பரிய’ உள்ளலங்காரம் பெரும்பாலும் ‘போன்ற’வோடு நின்றுவிடுகிறது: தேக்கு போன்ற லாமினேட், தூண் போன்ற பிவிசி, வானம் போன்ற எல்இடி பேனல். முதல் தடவை பார்க்கிறவர் ‘நல்லா இருக்கே’ என்பார். அடுத்த வாரம் அது அவர் கண்ணில் படாது. உடம்பை ஏதாவது செய்யவைக்கிற குறிதான் நிலைக்கும். நடையைத் தணிக்க வேண்டும், உட்கார வைக்க வேண்டும், சுற்றிப் போக வைக்க வேண்டும். இந்த ஹாலில் எதைச் சேர்ப்பது, எதை விடுவது என்பதை இதை வைத்துத்தான் முடிவு செய்தோம்.

வாசல்: முடிந்தது

பல அடுக்குமாடிகளில் நுழைவுக் கதவு தீத்தடுப்புக் கதவு. அதன் நிலையைச் செதுக்கவோ துளையிடவோ கூடாது. வெளியே இருக்கும் நடை பொதுச்சொத்து. அங்கே எதையும் நிரந்தரமாகப் பதித்தால் நிர்வாகம் கடிதம் அனுப்பும், அதுவும் நியாயம்தான். ஆகவே வாசல் வீட்டுக்குள் 1.2 மீட்டர் தள்ளி வருகிறது.

பழைய நிலைப்படியைத் தாண்டக் காலைத் தூக்கினோம், தலையைக் குனிந்தோம். இரண்டில் ஒன்றாவது இங்கே வேண்டும். காலுக்குப் படி வைப்பதில் சிக்கல் உண்டு. 5 முதல் 20 மில்லிமீட்டர் உயர விளிம்பு கண்ணுக்குப் படாது, கால்விரல் மட்டும் தட்டும். வயதானவர்கள் இருக்கும் வீட்டில் அதை வைக்கவே கூடாது. தரையோடு தரையாக இருக்கட்டும், இல்லையென்றால் பளிச்சென்று தெரியும் முழுப்படியாக இருக்கட்டும். இங்கே தரையோடு தரையாகவே செங்கால் என்ற கடின மரத்தின் 120 மில்லிமீட்டர் அகலப் பட்டை பதிந்தது. செங்காலில் முன்துளை போடாமல் திருகாணி இறக்கினால் ஆணியின் தலை முறியும். இரு பக்கமும் 3 மில்லிமீட்டர் இடைவெளி விட்டு, வளையும் சீலண்டால் நிரப்ப வேண்டும். பினாங்கு ஈரத்தில் மரம் உப்பும். இறுக்கிப் பதித்தால் பக்கத்து டைல் மேலே எழும்பும்.

குனிவதற்குப் பதில் கூரை இறங்குகிறது. பட்டைக்கு முந்திய 1.2 மீட்டருக்கு மட்டும் பிளாஸ்டர் சீலிங். எவ்வளவு இறக்கலாம் என்பதைச் சட்டம் சொல்லிவிடுகிறது. மலேசியாவின் ஒரேசீர் கட்டட உபவிதிகளின்படி வசிக்கும் அறையின் கூரை 2.5 மீட்டருக்குக் குறையக்கூடாது. ஆக 250 மில்லிமீட்டர்தான் கையில் இருக்கிறது. பட்டையைத் தாண்டியதும் கூரை மேலே போகிறது. ஏன் என்று தெரியாமலே வருகிறவர் அங்கே ஒரு கணம் நிற்கிறார். இறக்கிய பகுதிக்கு ஹாலைவிட அடர்ந்த நிறம் பூசினால் இந்த வித்தியாசம் கூடுதலாகத் தெரியும். வெள்ளை அடித்தால் பாதி காணாமல் போகும்.

திண்ணை: முடிந்தது, ஒரு திருத்தத்தோடு

மலேசிய வீடுகளில் வாசலோரம் உட்கார்கிற பெட்டி என்றால் அது செருப்பு அலமாரி. முன்பக்கம் கதவும் கைப்பிடியும் இருந்தால் பார்க்கிறவர் அதை அலமாரியாகத்தான் எடுத்துக்கொள்வார், மேலே மெத்தை போட்டாலும் உட்காரத் தயங்குவார். கைப்பிடி ‘திற’ என்கிறது, உயரம் ‘உட்கார்’ என்கிறது. கைப்பிடியின் பேச்சுதான் எடுபடும்.

அதனால் முன்முகம் கட்டு வேலையாகவே இருக்க வேண்டும், செருப்பு இழுப்பறை பக்கவாட்டில் திறக்கட்டும். நீளம் 1.5 மீட்டர், ஆழம் 450, உயரம் 420 மில்லிமீட்டர். முழுச் செங்கல் வேண்டாம், தளத்துக்கு வீண் பாரம். 100 மில்லிமீட்டர் லைட்வெயிட் பிளாக்கில் முன்சுவரும் ஒரு பக்கச்சுவரும் மட்டும் கட்டினால் பிளாக்கின் எடை ஏறத்தாழ 50 கிலோ, பூச்சு தனி. இழுப்பறைப் பக்கத்தில் சுவர் இல்லை, மேல்பலகையின் அந்த முனையைத் தாங்க இரும்பு ஆங்கிள் வேண்டும். மேல்பலகைக்கு 18 மில்லிமீட்டர் சிமெண்டு போர்டு.

மேற்பூச்சு சிவப்பு ஆக்சைடு. அடிப்பூச்சு சிமெண்டும் மணலும் 1:3. மேலே 3 மில்லிமீட்டர் சிமெண்டோடு ஆக்சைடு. ஆக்சைடு, சிமெண்டு எடையில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டக்கூடாது. ‘இன்னும் சிவப்பா வேணும்’ என்று கூட்டினால் பூச்சு வலுவிழந்து பொடியாகக் கொட்டும். உலர்ந்த நிலையிலேயே இரண்டையும் சல்லடையில் சலித்துக் கலந்துவிடுங்கள். தண்ணீர் விட்ட பிறகு ஆக்சைடைத் தூவினால் திட்டுத்திட்டாக வரும். எஃகு கரணையால் அழுத்தித் தேய்த்து, மறுநாளிலிருந்து 7 நாள் ஈரக் கோணிச்சாக்கு போட்டு வைக்க வேண்டும். ஃபேன் காற்று நேரே பட்டால் மயிரிழை வெடிப்பு நிச்சயம். விளிம்பை 15 மில்லிமீட்டர் ஆரத்தில் உருட்டிவிடுங்கள். கூர் விளிம்பு தொடையில் அழுத்தும், மூலையும் முதலில் அங்கேதான் உடையும். நன்றாகக் காய்ந்தபின் துணியில் தேங்காய் எண்ணெய் தொட்டுத் தேய்த்தால் மினுமினுப்பு வரும்.

இவ்வளவு செய்தும் அது வெறும் பெஞ்சாகத்தான் நின்றது. திருத்தம் சின்னது. சுவரோர முனையில் 350 மில்லிமீட்டர் நீளத்துக்கு 100 மில்லிமீட்டர் உயரும் சாய்மானம், பூச்சோடு பூச்சாக. ஊர்த் திண்ணைகளில் தலை வைத்துப் படுக்கக் கட்டுகிற அதே மேடு. மதியம் சாப்பிட்டபின் ஒருவர் இங்கே சாய்வார் என்பதைப் படமோ எழுத்தோ இல்லாமல் அந்தச் சரிவே சொல்லிவிடுகிறது. வந்தவர்கள் அதில் முழங்கையை ஊன்றுகிறார்கள், பிள்ளைகள் தலை வைக்கிறார்கள். இந்த ஹாலில் குறைந்த செலவில் அதிகம் பேசுவது இந்த மேடுதான்.

கோலம்

ஒட்டுக்கோலம் எடுத்தாகிவிட்டது. விளிம்பில் அழுக்கு சேர்வது சின்னக் காரணம். பெரிய காரணம் வேறு. கோலத்தை வடிவம் என்று மட்டும் பார்த்தால் ஸ்டிக்கர் போதும். ஆனால் காலையில் ஒருவர் எழுந்தார், கூட்டினார், குனிந்து போட்டார் என்பதற்கு அது தடம். சாயங்காலம் கலைந்து கிடப்பதும் அதன் பேச்சில் சேர்ந்ததுதான். போடாத நாளுக்கும் அர்த்தம் உண்டு, துக்க வீட்டைக் கோலம் இல்லாத வாசலே காட்டிவிடும். கலையாத கோலத்துக்கு இதில் எதையும் சொல்ல முடியாது.

மாற்றாக, செங்கால் பட்டைக்கு முன்னால் 600க்கு 600 மில்லிமீட்டர் கருங்கிரானைட் பலகை தரையோடு பதிந்தது. பாலிஷ் வேண்டாம், வழுக்கும், மாவும் நிற்காது. மங்கல் பூச்சு கேட்டு வாங்குங்கள். மாவு இறங்கிக் கறை பிடிக்காமலிருக்கக் கல் சீலர் அடியுங்கள். அரிசிமாவுக்கு எறும்பு வரும், போடுவதே அதற்காகத்தான். அடுக்குமாடியில் அது ஒத்துவராதென்றால் கல்மாவு இருக்கிறது.

முற்றம்: பாதி முடிந்தது

பினாங்குத் தலைநகர் ஜார்ஜ் டவுன் 2008இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் ஏறியதிலிருந்து பழைய கடைவீடுகள் பலவற்றை உள்ளே போய்ப் பார்க்க முடிகிறது. அங்கே முற்றத்தின் வேலை மூன்று: மேலிருந்து வெளிச்சம், நடுவில் வெறுமை, பொழுதுக்கேற்ற மாற்றம். வானப்படம் அச்சிட்ட எல்இடி பேனல் இதில் ஒன்றையும் செய்யாது. மழைநாளிலும் அதில் நீலவானம்தான்.

தரையில் 1.8க்கு 1.8 மீட்டர் சதுரம். ஓரத்தில் 150 மில்லிமீட்டர் சாம்பல் கிரானைட், உள்ளே 200 மில்லிமீட்டர் செம்மண் டைல். கிரௌட் (டைல் இடுக்கை நிரப்பும் கலவை) போடுவதற்கு முன்பே டைலுக்கு சீலர் இரண்டு கை அடித்துவிட வேண்டும். இல்லையென்றால் டைல் கிரௌட் பாலைக் குடித்து வெளுத்துவிடும், பிறகு எதைத் தேய்த்தும் போகாது. பழைய டைலை உடைக்கும்போது அடிப்பூச்சோடு நிறுத்துங்கள். மின்குழாய் அதற்குள் ஓடலாம், தளத்தைத் தொடவே கூடாது.

மேலே அதே அளவில் மறைவு விளக்குச் சட்டம், உள்ளே எல்இடி ஸ்ட்ரிப். சுற்றளவு 7.2 மீட்டர், மீட்டருக்கு 10 வாட் என்றால் 72 வாட். ஸ்ட்ரிப்புக்கு மின்சாரத்தை மாற்றித் தரும் டிரைவர் 100 வாட்டாக இருக்கட்டும், விளிம்பில் ஓட்டினால் சூட்டில் சீக்கிரம் போகும். 24 வோல்ட் ஸ்ட்ரிப், இரு முனையிலும் மின்சாரம் கொடுத்தால் கடைசி மீட்டர் மங்காது. 2700 (மஞ்சள் ஒளி) முதல் 5000 கெல்வின் (வெள்ளை ஒளி) வரை மாறும் வகை வாங்கினால்தான் காலைக்கும் மாலைக்கும் வித்தியாசம் இருக்கும். டிரைவரை எட்டும் இடத்தில் வைத்துத் திறப்பு விடுங்கள். ஸ்ட்ரிப் கூரையைப் பார்க்க வேண்டும். கீழே பார்த்தால் பளபளப்பான டைலில் புள்ளிபுள்ளியாகத் தெரிந்து மாயை கலைந்துவிடும்.

சீலிங் ஃபேன் நடுவில்தான் இருக்கிறது. பினாங்கில் அதை எடுக்கச் சொல்ல யாருக்கும் மனம் வராது. இறக்கைக்கு மேலே டவுன்லைட் மட்டும் வேண்டாம், நிழல் வெட்டிவெட்டி ஓடும்.

முடியாத பாதி இந்த வெறுமைதான். நடுவில் காலியிடம் கண்டால் வீடு டீப்பாயைக் கொண்டுவந்து போட்டுவிடும். போட்ட அன்றே முற்றம் கம்பளமாகிவிடும், எல்லாரும் மேலே நடப்பார்கள். சோபாக்களைக் கிரானைட் ஓரத்துக்கு வெளியே தள்ளி, ஒவ்வொன்றின் பக்கத்திலும் 450 மில்லிமீட்டர் சின்ன ஸ்டூல் வைத்தால் காப்பிக் கோப்பைக்கு நடுமேசை தேவைப்படாது. சோபாவுக்குப் பின்னால் குறைந்தது 750 மில்லிமீட்டர் நடைவழி வேண்டும். இந்த ஹாலில் ஒரு பக்கம்தான் அது கிடைக்கிறது. அதனால் மூன்று பேர் சோபாவுக்குப் பதில் இரண்டு பேர் சோபா தேட வேண்டியிருக்கிறது.

நிறமும் அக்கம்பக்கமும்

வழக்கக் குறிகளில் அவசரம் கூடாது. வெள்ளை சீனர் வழக்கில் துக்கத்தோடு சேர்ந்தது, மஞ்சள் மலாய் வழக்கில் அரசகுல நிறம். சீனர் காதுக்குச் ‘சாவு’ போல ஒலிக்கிற 4க்குப் பதில் லிஃப்டில் 3ஏ பொத்தானைத் தினமும் அழுத்துகிற ஊரில் இது யாருக்கும் புதிதல்ல. நம் வீட்டு நிறத்தைப் பக்கத்து வீட்டுக்காக மாற்ற வேண்டியதில்லை. கதவைத் திறந்தால் நடைபாதைக்குத் தெரிகிற சுவரில் மட்டும் யோசித்தால் போதும்.

இங்கே அந்தச் சுவருக்கு அவுரி நீலம் கலந்த சுண்ணாம்பு. ஜார்ஜ் டவுன் லெய்த் தெருவின் சியோங் ஃபாட் சே மாளிகைக்கு அந்த நீலம் வந்ததும் அவுரி கலந்த சுண்ணாம்பிலிருந்துதான். எமல்ஷன் பெயிண்ட் மேல் சுண்ணாம்பு அடித்தால் ஏடுஏடாக உரியும். பழைய பெயிண்டை முழுக்கச் சுரண்டிவிட்டு, சுவரை நனைத்து, மெல்லிசாக நாலைந்து கை. ஈரத்தில் பார்க்கிற நிறத்தை நம்பாதீர்கள், காய்ந்தால் நன்றாக வெளுக்கும். பலகைத் துண்டில் அடித்து இரண்டு நாள் காயவிட்டுத்தான் கலவையை முடிவு செய்ய வேண்டும். கையுறையும் கண்ணாடியும் போட்டுக்கொள்ளுங்கள், சுண்ணாம்பு தோலை அரிக்கும்.

விட்டது

தூண் வேண்டும் என்று வீட்டில் ஆசை இருந்தது. கூரையைத் தாங்காத தூணை விரலால் தட்டினால் டொக்கென்று காட்டிக்கொடுத்துவிடும், அதனால் வேண்டாம் என்றாகிவிட்டது. ஊஞ்சலும் நின்றுபோனது. கூரைப் பலகையில் கொக்கி மாட்ட முடியாது. கான்கிரீட் தளத்தில் இரசாயன ஆங்கர் இறக்க வேண்டும், அதற்குப் பொறியாளரின் கணக்கும் நிர்வாகத்தின் அனுமதியும் வேண்டும். விளக்கு மாடம் அடுத்த கட்டம். அந்தச் சுவர் கான்கிரீட் வார்ப்பு என்பதால் குடையக்கூடாது. முன்னால் 150 மில்லிமீட்டர் பொய்ச்சுவர் எழுப்பி, உள்ளே ஃபைபர் சிமெண்டு போர்டு வைத்து, 200 அகலம், 350 உயரத்தில் மாடம் விட இருக்கிறோம். பிளைவுட் கூடாது, உள்ளே எரியப்போவது நிஜத் திரி.