பகோடா தெரு

காலைல மார்க்கெட் பையோட ஒரு சீன ஆன்ட்டி, எழுபது வயசுக்கு மேல இருக்கும், சவுத் பிரிட்ஜ் ரோட்ல மாரியம்மன் கோயில் வாசல்ல நின்னு கண்ண மூடி கும்புடுறாங்க.

செருப்பக் கழட்டி அதுமேலயே கால வச்சு நின்னாங்க. பையில இருந்து கீரைக்கட்டு எட்டிப் பாத்துட்டு இருக்கு.

சிங்கப்பூர் சைனாடவுனுக்கு நட்டநடுவுல நம்ம கோயில், 1827ல நாராயண பிள்ளை ஆரம்பிச்சது. பக்கத்துத் தெரு பேரே பகோடா தெரு, அந்த பகோடா நம்ம கோபுரம்தான் (வந்த புதுசுல நான் திங்கிற பக்கோடான்னு நெனச்சேன், சிரிக்காதீங்க).

சீனர்கள் இந்த ஏரியாவ மாட்டுவண்டித் தண்ணின்னுதான் சொல்வாங்க, நியூ சே ஷுய். குழாய் வராத காலத்துல வண்டி கட்டித்தான் தண்ணி வந்துச்சு.

1822ல, சிங்கப்பூர்ல பிரிட்டிஷ் குடியேற்றத்த ஆரம்பிச்ச ராஃபிள்ஸ் போட்ட பிளான்ல சீனர்களுக்குன்னு ஒதுக்குன இடம், அதுக்குள்ளயும் ஹொக்கியன் பேசுறவங்க ஒரு பக்கம் கான்டனீஸ் பேசுறவங்க ஒரு பக்கம்னு தனித்தனியா இருந்திருக்காங்க, நம்மூர் மாதிரியேதான்.

ஒரே வீட்டத் தடுத்துத் தடுத்து, ஜன்னல்கூட இல்லாத அறைங்கள்ல அத்தன பேர். அங்க நிம்மதியா சாகக்கூட இடமில்ல. அதுக்குன்னே சேகோ லேன்ல சாவு வீடுங்க இருந்துச்சு, கடைசி நாள்ல அங்க கொண்டுபோய் படுக்க வச்சிருவாங்க. 1961ல தடை பண்ணிட்டாங்க.

இப்ப அந்தப் பக்கம் பூரா டூரிஸ்ட்டுங்க செல்ஃபி எடுக்குறாங்க.

ஆன்ட்டி செருப்ப மாட்டிட்டு அந்தப் பக்கமாதான் நடந்து போனாங்க.