முடியும் தூணும்

புத்தர் நிஜமாகவே வாழ்ந்தவர்தானா என்ற பேச்சு வந்தால், மியான்மரின் யாங்கோன் நகரிலுள்ள ஷ்வேடகோன் கோபுரத்துக்குள் புத்தரின் எட்டுத் தலைமுடிகள் இருக்கின்றன என்று சித்தப்பா அடித்துச் சொல்வார். ஆனால் கோபுரமே கி.பி. 6க்கும் 10க்கும் இடைப்பட்ட நூற்றாண்டுகளில் எழுந்தது என்கிறார்கள் தொல்லியல்காரர்கள்.

எனக்கு நேபாளத்தின் லும்பினியில் நிற்கும் தூண்தான் பெரிய சாட்சி. 1896இல் கண்டெடுத்தது. அசோகர் தன் 20ஆம் ஆட்சியாண்டில் நேரில் வந்து, சாக்கியமுனி புத்தர் இங்கே பிறந்தார் என்று பொறித்து, விளைச்சலில் எட்டில் ஒரு பங்கு போதும் என்று வரியையும் குறைத்திருக்கிறார். வரியை விடுவதென்றால் எந்த அரசாங்கத்துக்கும் வயிறு எரியுமே!

சரி, அசோகரும் புத்தருக்கு நூறு, இருநூறு வருஷம் பிந்தியவர். தூண் காட்டுவது அன்றைய நம்பிக்கையை. ஆனாலும் புத்தர் பிறந்த ஊரும், சாக்கியர் என்ற குலமும் அதற்குள் நிலைத்துவிட்டன. ஆளே இல்லாமல் அது நடந்திருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை. உத்தரப் பிரதேசத்தின் பிப்ராவாவில் 1898இல் கிடைத்த, புத்தருடையது என்று சொல்லப்படும் எலும்புப் பேழை தனி வழக்கு. அதைச் சித்தப்பாவிடம் இன்னும் எடுக்கவில்லை.